பழைய நடை, புது நடை

ஆடி பிறந்தால் மற்ற ஊர்களில் கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். மண்டபத்துக்காரர்கள் வெள்ளையடிப்பதும் ஓட்டை உடைசல் பார்ப்பதும் அந்த மாதத்தில்தான். எங்கள் பக்கம் நிலைமை தலைகீழ். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி என்று தஞ்சாவூர் மாவட்டத்தின் தென்கோடியும் புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கு ஓரமும் சேருகிற அந்த வட்டாரத்தில் வருஷத்திலேயே அதிகக் கூட்டம் கூடுவது ஆடியில்தான். மாப்பிள்ளை கிடையாது, பெண் கிடையாது, மேளதாளமும் கட்டாயமில்லை. ஆட்டுக்கறிச் சாப்பாடு உண்டு, மொய் எழுதுகிற மேசை உண்டு. மொய் விருந்து என்றே பத்திரிகை அடித்து, வீடு வீடாகப் போய்க் கொடுத்து அழைப்பார்கள்.

எங்கள் ஊர் கல்லணைக் கால்வாயின் கடைமடை. 1934-இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து பயனுக்கு வந்த கால்வாய் அது. அத்தனை வருஷமாகியும் ஊரில் அதற்குப் பெயர் புது ஆறுதான். மேட்டூரில் தண்ணீர் திறந்தால் கடைசியாக நனைவது எங்கள் வயல். சில வருஷம் நனையாமலும் போகும். நெல்லை நம்பி உட்கார முடியாமல் போர் போட்டுத் தென்னை வைத்தார்கள். போர் போட வேண்டுமென்றால் மொத்தமாகப் பணம் வேண்டும். வங்கிக்குப் போனால் பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று என்று அலைந்தே செருப்புத் தேயும். வட்டிக்காரரிடம் போனால் தோப்பே போய்விடும். பெண்ணைக் கட்டிக்கொடுக்க, பையனைச் சிங்கப்பூர் அனுப்ப, பக்கத்துக் கொல்லை விலைக்கு வந்தால் வாங்க, எல்லாவற்றுக்கும் ஊர் கண்டுபிடித்து வைத்திருந்த வழி மொய்தான்.

ஒரு குடும்பம் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை விருந்து வைக்கும். இடைப்பட்ட வருஷங்களில் மற்றவர்களுடைய விருந்துக்கெல்லாம் போய்ச் செய்ய வேண்டும். நாம் ஒருவருக்கு 501 ரூபாய் செய்திருந்தால், நம் முறை வரும்போது அவர் 1001 வைப்பார். அதில் 501 பழைய நடை, அதாவது நமக்கு வர வேண்டியது. மீதி 500 புது நடை, நாம் அவருக்குத் திருப்பிச் செய்ய வேண்டியது. இப்படியே மாறி மாறிப் போய்க்கொண்டிருக்கும். பழைய நடையை மட்டும் வைத்துவிட்டு ஒருவர் கை கழுவப் போனால் ‘கணக்கை முடிச்சுக்கிட்டாரு’ என்று அர்த்தம். அதற்குப் பிறகு அந்த வீட்டோடு போக்குவரத்து மெல்ல மெல்ல நின்றுபோகும். வட்டியும் இல்லை, ஈடும் இல்லை, யாரிடமும் கையெழுத்து வாங்குவதும் இல்லை.

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது எங்கள் வீட்டு முறை வந்தது. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று பெரியப்பா என்னை மேசையில் உட்கார வைத்தார். பெரிய ஆட்கள் செய்கிற வேலை அது. எழுதத் தெரிந்த பையன்கள் ஊரில் எத்தனையோ பேர் இருக்க, என்னைக் கூப்பிட்டார் என்பதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. புது வேட்டி கட்டிவிட்டார்கள். இடுப்பில் நிற்காத வேட்டியைப் பெல்ட் போட்டு இறுக்கினாள் அம்மா.

மேசையில் நான்கு கொயர் நோட்டு ஒன்று. அட்டையின் நான்கு மூலையிலும் மஞ்சள். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. எனக்கு வலப்பக்கம் பெரியப்பா, அவர் காலடியில் அண்டா, அண்டாவின் வாயில் ஈரிழைத் துண்டு. தாய்மாமன் வந்து முதல் வரியை எழுதச் செய்த பிறகுதான் மற்றவர்கள் வரிசையில் நிற்க ஆரம்பித்தார்கள். அதற்குள் கொட்டகைக்குப் பின்னாலிருந்து கறிக்குழம்பு வாசனை வந்து வயிற்றைப் பிசைந்தது. எழுதுகிறவன் கடைசிப் பந்தியில்தான் சாப்பிட வேண்டும் என்று பெரியப்பா முன்பே சொல்லியிருந்தார்.

பெயரை மட்டும் எழுதினால் போதாது. ஒரே ஊரில் எத்தனையோ கருப்பையா இருப்பார்கள். ஊர், தெரு, வீட்டுப் பெயர், தகப்பனார் பெயர், அப்புறம் அவர் பெயர், கடைசியில் தொகை. ஆவணம், கீழத்தெரு, வண்டிக்கார வீடு. செருவாவிடுதி, ஆலடியார் வீடு. நெடுவாசல், மாங்காடு, சேந்தன்குடி, குருவிக்கரம்பை. பள்ளிக்கூடத்துப் பூகோளப் புத்தகம் சொல்லாத ஊர்களை எல்லாம் நான் அந்த மேசையில்தான் கற்றுக்கொண்டேன். பெரியப்பா பணத்தை வாங்கி, எல்லோருக்கும் தெரியும்படி விரித்து எண்ணி, ஊரையும் பேரையும் தொகையையும் உரத்துச் சொல்வார். நான் எழுதியதும் நானும் ஒரு தடவை வாசித்துக் காட்ட வேண்டும். அதுவரைக்கும் பணம் அண்டாவுக்குள் போகாது. கொடுத்தவர் காதில் விழ வேண்டும், அவருக்குப் பின்னால் நிற்பவர் காதிலும் விழ வேண்டும். பின்னாளில் வங்கிகளிலும் நீதிமன்ற வராண்டாக்களிலும் எத்தனையோ சாட்சிக் கையெழுத்துகளைப் பார்த்துவிட்டேன். வரிசையில் நிற்கிற நாலு பேர் காதுகளைவிடப் பலமான சாட்சி எங்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரு பாட்டி வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்த ஐம்பது ரூபாய்த் தாளையும் ஒரு ரூபாய்க் காசையும் மேசையில் வைத்தார். யார் பெயரில் எழுத வேண்டும் என்று கேட்டேன். அவர் சொல்லவில்லை. புருஷன் பெயரை வாயால் சொல்கிற வழக்கம் அந்தத் தலைமுறைப் பெண்களுக்குக் கிடையாது.

“மலை மேல கோவணத்தோட நிக்கிறாரே, அவரு பேருதாம்ப்பா” என்றார்.

பெரியப்பா சிரிக்கவில்லை. “பழனியாண்டின்னு எழுது” என்றார்.

எழுதினேன். பாட்டி நகரவில்லை. “எங்கப்பா எழுதியிருக்க, காட்டு” என்றார். படிக்கத் தெரியாதவருக்கு என்ன காட்டுவது என்று எனக்குப் புரியவில்லை. அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினேன். அவரும் தன் விரலை அங்கே வைத்து எழுத்துகளின் மேல் கடைசி வரைக்கும் இழுத்தார். மை காயவில்லை, ‘டி’ கொஞ்சம் தேய்ந்து அவர் விரல் நுனியில் நீலம் ஒட்டியது. அதைப் பார்த்துவிட்டுத்தான் பந்திக்குப் போனார். அவர் வீட்டுக்காரர் இறந்து பல வருஷமாகியிருந்தது என்று பெரியப்பா பிறகு சொன்னார். ஆள் போனாலும் மொய் அவர் பெயரிலேயே நடந்துகொண்டிருந்தது. அவருடைய கடனும் பாத்தியதையும் சாவோடு முடிந்துவிடாமல் அந்தப் பாட்டி ஐம்பத்தொன்றும் நூற்றொன்றுமாகத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

நோட்டு இரண்டு வகை. நமக்கு வந்தது ஒன்றில். நாம் போய்ச் செய்தது இன்னொன்றில். இரண்டையும் அம்மா டிரங்குப் பெட்டியில் நிலப் பத்திரங்களோடு சேர்த்து, பூச்சி அரிக்காமல் வசம்பு போட்டு வைத்திருந்தாள். வீட்டுக்குப் பத்திரிகை வந்த அன்று ராத்திரியே பெட்டி திறக்கும். அரிக்கேன் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு அம்மா பக்கம் பக்கமாகத் தேடுவாள். அவள் தேடி எடுப்பதற்குள் திண்ணையில் படுத்திருக்கிற அப்பாயி சொல்லிவிடுவாள். அப்பாயிக்கு எழுத்து தெரியாது. வருஷத்தையும் எண்ணால் சொல்ல மாட்டாள். தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன வருஷம், இந்திரா காந்தியைச் சுட்ட வருஷம், எம்.ஜி.ஆர். செத்துப்போன வருஷம் என்றுதான் சொல்வாள். “எம்சியாரு செத்த வருசத்துக்கு அடுத்த ஆடியில அவுக நம்ம வீட்டுக்கு நூத்தியொண்ணு செஞ்சாக. வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு மச்சினனோட வந்தாரு. கறி போதலன்னு ரெண்டாந்தரம் கேட்டு வாங்குனாரு.” அம்மா புரட்டிப் பார்த்தால் அப்படியே இருக்கும்.

ஆண்கள் மேசையில் உட்கார்ந்து பெரிய மனுஷர்களாகத் தெரிந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கணக்கைச் சுமந்தது வீட்டுப் பெண்களின் ஞாபகம். யார் வீட்டில் யாருக்குப் பிரசவம், எந்த வீடு அண்ணன் தம்பியாகப் பிரிந்தது, பிரிந்தபோது மொய்க் கணக்கு யார் பங்குக்குப் போனது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாகப்பிரிவினையில் நிலத்தோடும் மாட்டோடும் மொய்யும் பிரியும். வர வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு, செய்ய வேண்டியதைத் தம்பி தலையில் கட்ட முடியாது. இதையெல்லாம் கிராமத்து மக்களின் வெள்ளை மனசு என்று எழுதுகிறவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. மனசு எல்லா ஊரிலும் ஒன்றுதான். எங்கள் ஊர்ப் பெண்கள் ராத்திரியில் விளக்கைக் கிட்டே வைத்துக்கொண்டு உழைத்தார்கள்.

ஒரு தடவை அப்பாவோடு குருவிக்கரம்பைக்கு விருந்துக்குப் போனேன். அந்த வீட்டுப் பெரியவர் எங்களுக்கு 201 செய்திருந்ததாக எங்கள் நோட்டில் இருந்தது. அப்பா பழைய நடை 201-ஓடு புது நடையாக இருநூறு சேர்த்து 401 ரூபாயை வைத்தார். எழுதுகிறவர் அவர்களுடைய செய்த மொய் நோட்டைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். அதில் 101-தான் இருந்தது. பெரியவரைக் கூப்பிட்டார்கள். இலை போடுகிற இடத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“மாப்ள, எங்க நோட்டுல நூத்தியொண்ணுதான் இருக்கு. எனக்கு வராத பணம் எனக்கெதுக்கு?”

“எங்க நோட்டுல எரநூத்தியொண்ணு இருக்கே மாமா. நான் குறைச்சு வச்சா எனக்குப் பழி வராதா?”

இரண்டு பேரும் குரலை உயர்த்திவிட்டார்கள். தள்ளி நின்று பார்த்தால் ஒருவருக்கு ஒருவர் பணம் தராமல் ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் தோன்றும். வரிசை நின்றுபோயிற்று. கடைசியில் அந்த நூறு ரூபாயைப் பெரியவர் தொடவில்லை. அதைத் தனியாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பிய அப்பா, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அப்பாயியிடம் கேட்டார். அவள் கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றாள். “அவரு மச்சினன் அன்னிக்குக் காய்ச்சல்னு வரல. அவருகிட்டதான் குடுத்தனுப்பிச்சாக. ரெண்டையும் சேத்து ஒத்தப் பேருல எழுதிட்டாக” என்றாள். மறுநாள் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் விசாரித்தார். அது உண்மை. மச்சினன் வீட்டுக்கு ஒரு வரி புதிதாக எழுதினாள் அம்மா.

இப்படித் திருத்தி எழுதிய இடங்களில் அம்மா பழைய எழுத்தை அடிக்க மாட்டாள். பக்கத்தில் விளக்கத்தை எழுதுவாள். அடித்தல் இருந்தால் சந்தேகம் வரும் என்பாள்.

அந்த வயதில் என்னைச் சுற்றி ஒருவரை ஒருவர் நம்பித்தான் எல்லாமே நடந்தது. மளிகைக் கடையில் பற்று நோட்டைக் கொடுத்துவிட்டுச் சாமான் வாங்கி வருவேன். தேங்காய் வெட்டு முடிந்த பிறகுதான் அப்பா கணக்குத் தீர்ப்பார். பட்டுக்கோட்டை விடுதியில் படித்த அக்காவுக்குத் தீபாவளிப் பலகாரம் பேருந்து நடத்துனர் கையில் போகும். டிக்கெட்டும் இல்லை, ரசீதும் இல்லை. அக்கா நிலையத்தில் காத்திருந்து வாங்கிக்கொள்வாள். ஊருக்குப் போகிறவர்கள் சாவியை எதிர்வீட்டு மாடத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். மீட்டர்கேஜ் ரயிலில் திருவாரூருக்குப் போகிற யாரோ ஒரு அத்தையின் பொறுப்பில் என்னையும் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். இவற்றில் எதுவும் எழுத்தில் இல்லை. மொய் ஒன்றுக்குத்தான் நோட்டு இருந்தது. அந்த நோட்டும் நீதிமன்றத்தில் செல்லாது.

சட்டம் அறிந்தவர்கள் மொய்யை அன்பளிப்பு என்பார்கள், கொடுத்தால் கொடுத்ததுதான். கடன் என்று வைத்துக்கொண்டாலும் 1963-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டப்படி கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்கு வழக்குப் போட 3 வருஷம்தான் கெடு. புரோநோட்டு 3 வருஷத்தில் செத்துப்போகும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். மொய் திரும்பி வரவே ஐந்து வருஷமாகும். சட்டத்தின் கை எட்டாத தூரத்தில்தான் இத்தனை பணமும் ஓடிக்கொண்டிருந்தது.

ஏமாற்றியவர்கள் இல்லையா என்றால், இருந்தார்கள். எங்கள் தெருக்காரர் ஒருவர் விருந்து வைத்து வசூலான பணத்தை எடுத்துக்கொண்டு திருப்பூர் பக்கம் போனவர் திரும்பவில்லை. அவர் பெயருக்கு எதிரே அப்பா ‘வராது’ என்று எழுதப் போனார். பெரியப்பா தடுத்து, “பேனாவுல எழுதாத. பென்சில்ல எழுது” என்றார். அடுத்தடுத்த ஆடிகளில் ஓடிப்போனவரின் தம்பி ஒவ்வொரு விருந்தாக வந்து, தன் மொய்யை வைத்த பிறகு, குரலைத் தாழ்த்தி “அண்ணன் கணக்கு” என்று இன்னொரு தொகையை வைத்தார். எல்லோருக்கும் அவரால் தர முடியவில்லை. எங்களுக்குத் தந்தார். அம்மா ரப்பரால் அழித்தாள். ‘வ’ மட்டும் காகிதத்தில் பதிந்து தடமாக நின்றது.

எங்கள் வீட்டு முறையில் வசூலான பணம் என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். போர் போடுவதாகத்தான் திட்டம். கோடையில் தண்ணீர் மட்டம் இறங்கிய பிறகு போட்டால்தான் ஆழம் தெரியும் என்று அப்பா காத்திருந்தார். அந்தச் சில மாதத்துக்குப் பணத்தைச் சும்மா வைத்திருப்பானேன் என்று யாரோ சொன்னார்கள். தொண்ணூறுகளின் நடுவில் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் நிதி நிறுவனங்கள் முளைத்திருந்தன. நூற்றுக்கு மாதம் இரண்டு வட்டி, மூன்று வட்டி என்று பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் வந்தது. அப்பா போட்ட நிறுவனத்துக்கு நானும் கூடப் போயிருக்கிறேன். கண்ணாடிக் கதவு, குளிர்சாதன அறை, சுவரில் ஆளுயர லட்சுமி படம். ஒரு அண்ணன் எங்களுக்கு ஏலக்காய் டீ கொடுத்தார். ரசீது கல்யாணப் பத்திரிகை மாதிரி தடித்த காகிதத்தில் இருந்தது. முத்திரை, எண், இரண்டு கையெழுத்து. அப்பா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். அம்மா அதையும் டிரங்குப் பெட்டியில் மொய் நோட்டுக்கு மேலே வைத்தாள்.

போர் போடுவதற்கு முன்பே கண்ணாடிக் கதவுக்குப் பூட்டு விழுந்தது. அப்படி மாநிலமெங்கும் பூட்டு விழுந்து, முதலீடு செய்தவர்கள் தெருவுக்கு வந்த பிறகு 1997-இல் முதலீட்டாளர்கள் பாதுகாப்புக்கென்று தமிழ்நாடு அரசு தனிச்சட்டம் கொண்டுவந்தது. அப்பா மனுக் கொடுத்தார், வாய்தாவுக்கு அலைந்தார். கொஞ்சமும் வரவில்லை. அது எங்கள் பணம் மட்டும் அல்ல என்பதுதான் வீட்டில் எல்லோர் நெஞ்சையும் அடைத்தது. ஆவணத்து வண்டிக்கார வீட்டுக் கருப்பையாவின் பணம், புருஷன் பெயரைச் சொல்லாத அந்தப் பாட்டியின் பணம். ஐம்பத்தொரு ரூபாயை அவர் எப்படிச் சேர்த்திருப்பார் என்று அப்பாயி ஒரு நாள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த ஆடி வந்தது. பத்திரிகைகளும் வந்தன. தோப்பை ஒரு தேங்காய் வியாபாரிக்கு வருஷக்கணக்கில் குத்தகைக்கு விட்டுவிட்டு அப்பா மொய் செய்யக் கிளம்பினார். வட்டாரம் முழுக்க விஷயம் தெரிந்திருந்தது. யாரும் வீட்டு வாசலில் வந்து நிற்கவில்லை. கொத்தமங்கலத்தில் ஒரு விருந்தில் அப்பா பணத்தை எடுத்தபோது, வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து தோளில் கை போட்டார். “பழைய நடைய மட்டும் வைங்க மச்சான். புது நடைய அடுத்த சுத்துல பாத்துக்குவம். நான் இத முடிஞ்ச கணக்கா எடுத்துக்க மாட்டேன்” என்றார். சொன்னதோடு நிற்காமல் எழுதுகிற பையனைக் கூப்பிட்டு, எங்கள் பெயருக்குப் பக்கத்தில் ‘நடை உண்டு’ என்று எழுதச் சொன்னார். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோதுதான் அப்பா அழுது நான் முதல் தடவையாகப் பார்த்தேன். ஏமாந்தபோது அவர் அழவில்லை.

இதோடு நிறுத்தினால் என் ஊரைப் பற்றிப் பாதியைத்தான் சொன்னதாகும்.

எங்கள் தோப்பில் தேங்காய் உரிக்க வருகிறவர் ஒருவர் இருந்தார். அப்பாவைவிட மூத்தவர். ஆனாலும் எங்கள் வீட்டில் சிறுசுகள்கூட அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். ஒரு நாள் முழுக்கப் பாரையில் குத்தி மட்டை உரிப்பார். உரித்த காய்களை அவரே எண்ணிச் சொல்வார். அப்பா திருப்பி எண்ணிப் பார்த்து நான் கண்டதில்லை. தோப்பு வீட்டுச் சாவி அவரிடம்தான் இருந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது என் தம்பியை நாள் முழுக்க அவர் மனைவிதான் பார்த்துக்கொண்டார்.

அவர் மகளுக்குக் கல்யாணம் வந்தது. அப்பாவிடம் பணம் கேட்டார். அப்பா கொடுத்தார். கொடுப்பதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டுப் புரோநோட்டு எழுதச் சொன்னார். முத்து முத்தான கையெழுத்தில் எழுதினேன். ரெவின்யூ ஸ்டாம்பை நாக்கில் நனைத்து ஒட்டினார் அப்பா. பணம் கேட்டவர் குனிந்து, இடது கைப் பெருவிரலை மைப்பெட்டியில் அழுத்தி, ஸ்டாம்பின் மேல் உருட்டினார். உரித்து உரித்து ரேகை தேய்ந்த விரல். முதல் தடவை பதியவில்லை. அப்பா இன்னொரு தடவை வைக்கச் சொன்னார். பிறகு அவர் விரலை மண்ணில் தேய்த்துத் துடைத்துக்கொண்டு, பணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார். மகள் கல்யாணத்துக்கு அப்பா போகவில்லை. பணம் கொடுத்தாயிற்றே என்றார்.

ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை முகம் பார்க்கிற சேந்தன்குடிக்காரரிடம் ஒரு கையெழுத்தும் கேட்டதில்லை. விடிந்தால் முகத்தில் விழிக்கிற மனிதரிடம் கைநாட்டு வாங்கினோம். பெட்டியில் இருந்த எந்த நோட்டிலும் அவர் குடியிருந்த காலனித் தெருப் பெயர் ஒன்றுகூட இல்லை. பணத்தை வாங்கி, அதைவிடக் கூடுதலாக ஒரு நாள் திருப்பித் தருகிற தகுதி உள்ளவர் என்று ஒருவரை ஏற்றுக்கொண்டால்தான் அவர் பெயரை மொய் நோட்டில் எழுத முடியும். அவர் வீட்டில் போய் உட்கார்ந்து அவர் இலையில் சாப்பிடவும் வேண்டும். தம்பியை ஒப்படைத்தவர்களால் அதைச் செய்ய முடியவில்லை. நான் நேசித்த அத்தனை பேரும், ‘நடை உண்டு’ என்று எழுதச் சொன்ன அந்த நல்ல மனிதரும், அந்த வட்டத்துக்குள் இருந்தபடிதான் நல்லவர்களாக இருந்தார்கள். இதை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வந்து எங்கள் பக்கத்துத் தென்னைகளை அடியோடு சாய்த்துவிட்டுப் போனது. உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று பார்க்காமல் போன புயல் அது. வேருடன் கிடந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்த மாதக்கணக்கானது. மரம் அறுக்கும் எந்திரத்தோடு எங்கள் தோப்புக்கு வந்தவர், தேங்காய் உரித்தவருடைய மகன். அப்பா இறந்துபோய், அம்மாதான் வாசலில் நின்றாள். கூலியை இப்போது தர முடியாது என்று சொன்னாள். “தோப்பு எந்திரிக்கட்டும்த்தே, அப்பறம் பாத்துக்குவம்” என்று சொல்லிவிட்டு அவர் எந்திரத்தை இழுத்து விட்டார். எதிலும் எழுதி வாங்கவில்லை.

அவர் மகளுக்குக் காது குத்து வந்தபோது அம்மா போனாள். எங்கள் தெருவில் சில பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டு வந்து, அன்று ராத்திரியே செய்த மொய் நோட்டை எடுத்தாள். இப்போதெல்லாம் எங்கள் பக்கத்து மொய் விருந்துகளில் கணினி வந்துவிட்டது. பேரைத் தட்டினால் பழைய நடை திரையில் வருகிறது, கையில் சீட்டும் தருகிறார்கள். அம்மா இன்னமும் கையால்தான் எழுதுகிறாள். ஊர், காலனித் தெரு என்று எழுதி, வீட்டுப் பெயர் எழுத வேண்டிய இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவர்கள் வீட்டுக்கு ஊரில் என்ன பெயர் என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. காலையில் போய்க் கேட்டுக்கொண்டு வா என்றாள். போனேன். மேட்டு வீடு என்று சொன்னார்கள். இன்றைக்கு அந்தத் தெருவில் இருக்கிற வீடுகளில் எங்கள் நோட்டுக்கு வந்தது அந்த ஒரு வீடுதான். மற்ற வீடுகளின் பெயர்களை நான் இன்னும் கேட்கவில்லை. அவர்களும் எங்களை இன்னும் அழைக்கவில்லை.